விருந்தா, அம்மையா?

2023 டிசம்பர் 26. இரவு மணி பன்னிரண்டை நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்ணெரிச்சலோடும் இருமலோடும் எழுந்தார்கள். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். கிடைத்த வண்டியில் ஏறி ஊரைவிட்டு விலகினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். கரையோரத்தில் கடல் கொப்பளிக்கும் வீடியோ மறுநாள் தமிழ்நாடு முழுக்கக் கைபேசிகளில் ஓடியது.

அந்த ஓர் இரவில் எண்ணூரிலிருந்து இரண்டு பரவின. ஒன்று வாயு, மற்றொன்று செய்தி. செய்தியை எல்லாரும் ‘வைரல்’ என்றார்கள். வாயுவை அப்படி யாரும் சொல்லவில்லை. இத்தனைக்கும் மூச்சில் புகுந்து ஆளைப் படுக்கையில் தள்ளியது வாயுதான். வைரஸின் குணம் அதில்தானே அதிகம்?

இருபது வருடங்களுக்கு முன்பு தமிழில் ‘வைரல்’ என்ற சொல்லுக்கு டாக்டர் வீட்டு வாசலில் மட்டுந்தான் வேலை. “வைரல் ஃபீவராம், மூணு நாள் இருக்குமாம்” என்று சொல்வார்கள். சொல்கிறவர் முகம் சோர்ந்திருக்கும். இன்றைக்கு வடசென்னையில் ஒரு பையன் இன்னொருவனைப் பார்த்து “இன்னா மச்சான், வைரலாயிட்ட!” என்றால் அது வாழ்த்து. வைரஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு நஞ்சு என்று பொருள். தமிழில் அதை நச்சுயிரி, தீநுண்மி என்று ஆக்கியவர்கள் அந்த நஞ்சையும் தீமையையும் விட்டுவிடாமல் உள்ளே வைத்தார்கள். இணையத்துக்குப் போன ‘வைரல்’ அந்த நஞ்சை வாசலிலேயே கழற்றிவிட்டது.

கழற்றிய இடம் ஓரளவுக்குத் தெரியும். 1996 ஜூலை 4 அன்று இந்தியாவில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் அமெரிக்காவில் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். அதில் போகும் ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் ‘உங்களுக்கும் இலவசக் கணக்கு வேண்டுமா’ என்ற பொருளில் ஒரு வரி தானாக ஒட்டிக்கொள்ளும். கடிதம் எழுதியவரே தன்னை அறியாமல் விளம்பரக்காரர் ஆனார். ஒன்றரை வருடத்தில் ஒரு கோடிப் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அந்த நிறுவனத்தில் பணம் போட்ட டிம் டிரேப்பரும் ஸ்டீவ் ஜர்வெட்சனும் இந்த உத்திக்கு ‘வைரல் மார்க்கெட்டிங்’ என்ற பெயரைப் பரப்பினார்கள். அன்று அந்தச் சொல் குறித்தது எண்ணிக்கையை அல்ல, வழியை: வாங்கியவரே கொடுப்பவராக மாறுகிற வழி.

வழி என்ற இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்.

அதைத் திரும்பப் பிடிக்க ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவேண்டும். மதிய விருந்தில் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்ட முந்நூறு பேரில் நூறு பேருக்கு அன்றிரவே வயிற்றுப்போக்கு. எல்லாரும் ஒரே அண்டாவிலிருந்து வாங்கினார்கள். ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகவில்லை. அம்மை அப்படி இல்லை. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு வேப்பிலை செருகிய பத்து, பதினைந்து நாள் கழித்து அடுத்த வீட்டுக் கதவில் வேப்பிலை தெரியும். அங்கிருந்து எதிர்வீடு. ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டுக்கு அண்டா ஆகிறது.

முதல் வகையை ஓரூற்றுப் பரவல் என்றும் இரண்டாவதைச் சங்கிலிப் பரவல் என்றும் இங்கே அழைக்கலாம். தொற்றுநோய் ஆய்வாளர்கள் ஓர் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் போடுகிற படம் இதற்காகத்தான்: எந்த நாளில் எத்தனை பேர் விழுந்தார்கள். விருந்து என்றால் ஒரே குன்று, செங்குத்தாக ஏறி இறங்கிவிடும். அம்மை என்றால் சின்ன மேடு, அதைவிடப் பெரிய மேடு என்று அலையலையாக எழும்பும். நோயாளியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வழியைச் சொல்லிவிடலாம். 1905–06இல் பம்பாயில் பிளேக்கால் வாராவாரம் இறந்தவர்களின் கணக்கோடு ஒப்பிட்டு, கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் 1927இல் ஒரு தொற்று எப்படி ஏறி எப்படி அடங்கும் என்பதற்கு வகுத்த கணக்குதான் இன்றுவரை இந்தத் துறையின் அடித்தளம்.

பெரியகுப்பத்தில் கசிந்த அம்மோனியா இந்தக் கணக்கில் விருந்து வகை. சுவாசித்தவர் அடுத்தவருக்கு அதைக் கொடுக்க முடியாது. காற்று ஓய்ந்தால், குழாயை மூடினால், அதோடு சரி. ஆகவே அது வைரல் அல்ல. சொல் வழக்கு தற்செயலாகச் சரியாகவே இருக்கிறது. செய்தி வைரல்தானா என்பதுதான் சிக்கல். கடல் கொப்பளித்த வீடியோவைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள், எத்தனை பேருக்கு மச்சான் அனுப்பினார்? முன்னது அண்டா, பின்னது அம்மை.

சங்கிலிப் பரவலின் உயிர் ஒரே ஓர் எண்ணில் இருக்கிறது. கொரோனா காலத்தில் அது வீட்டுவீட்டுக்கு அறிமுகமானது: ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றுகிறார் என்ற பெருக்க எண். நூறு பேர் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ விழுகிறது. பார்த்தவர்களில் இரண்டு பேர் அதைத் தங்களுடைய வேறு நூறு பேர் குழுவுக்குத் தள்ளுகிறார்கள் என்றால் பெருக்க எண் 2. பத்தாவது கட்டத்தில் அனுப்புகிறவர்கள் ஆயிரம் பேர், இருபதாவது கட்டத்தில் பத்து லட்சம். ஒன்றுக்குக் கொஞ்சம் குறைந்தால்? 0.9 என்று வையுங்கள். ஈர விறகுபோல ஒவ்வொரு கட்டத்திலும் சிறுத்து அணைந்துவிடும்.

ஆனால் அணைவதற்குள் அது எவ்வளவு தூரம் போகும் என்பது, எத்தனை பேரிடம் தொடங்கியது என்பதைப் பொறுத்தது. ஆயிரம் பேரிடம் தொடங்கினால், 0.9இலும் மொத்தம் பத்தாயிரம் பேரைத் தொட்டுவிட்டுத்தான் சாகும். பத்து லட்சம் பேரிடம் தொடங்கினால் ஒரு கோடி. டங்கன் வாட்ஸ் என்ற சமூகவியலாளரும் ஜோனா பெரெட்டியும் 2007இல் இதை எடுத்துச் சொன்னார்கள்: தொற்றாத சரக்கையும் பெரிய விதைப்பால் பெரிதாக்கலாம். ‘ஒரு கோடிப் பார்வை, செம வைரல்’ என்று சுவரொட்டி ஒட்டும் சினிமாக்காரர்களுக்கு இது தெரியாததல்ல.

எண்ணூரிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2017 பொங்கல் சமயத்தில் ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ யூடியூபில் வந்தது. காபேர் வாசுகி எழுதிய சென்னைத் தமிழை டி.எம். கிருஷ்ணா கர்நாடக ராகமாலிகையாகப் பாடினார். ரதீந்திரன் பிரசாத் இயக்கினார். எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையப் பின்னணியில், முகத்தில் மாசுக் கவசத்தோடு ஒரு சபா வித்வான். அதைப் பார்த்தவர் யாரும் இன்னொருவருக்குக் காட்டாமல் இருந்திருக்க முடியாது என்றுதான் தோன்றும்.

பாட்டின் மையமே ஒரு சொல்லின் கதை. வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்கு என்பது யார் பெயரிலும் பட்டா இல்லாத, வரி விதிக்கப்படாத பொது நிலம்: ஏரி, குளம், மேய்ச்சல் தரை, கழிவெளி. ஊர் மொத்தத்துக்கும் சொந்தமானது. அது எப்படியோ தெருச்சண்டையில் வசவாக மாறியது. ‘வைரல்’ நோயிலிருந்து வாழ்த்துக்கு ஏறியது. ‘புறம்போக்கு’ பொதுச் சொத்திலிருந்து வசவுக்கு இறங்கியது. இரண்டிலும் தொலைந்தது ஒன்றே: சொல்லுக்குள் இருந்த துல்லியமான பொருள். கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் சாம்பல் கொட்டி மேடாக்கிய உப்பங்கழியை ‘சும்மா கிடந்த இடம்’ என்று சொல்ல முடிந்ததில் அந்தப் பொருள் இழப்புக்கும் பங்குண்டு.

பாட்டு பரவியது உண்மை. எப்படி? பாடியவர் அதற்கு முந்தைய ஆண்டு ரமோன் மகசேசே விருது பெற்ற, நாடறிந்த பாடகர். நாளிதழ்களும் செய்தித் தளங்களும் உடனே எழுதின. அதாவது முதல் விதைப்பே பெரிது. அதற்கு மேல் அது அண்டாவிலிருந்து எத்தனை பேருக்குப் போனது, கைமாறி எத்தனை பேருக்குப் போனது என்பதை யூடியூபின் பார்வைக் கணக்கு சொல்லாது. இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் இளைஞர்கள் பிளாஸ்டிக் வாளியால் கரும்பிசினை அள்ளிய படங்கள் உலகம் சுற்றின. அந்த வாளிப் படத்தையும் வைரல் என்றார்கள். விருந்தா அம்மையா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஷரத் கோயல், டங்கன் வாட்ஸ் உள்ளிட்ட நால்வர் ட்விட்டரில் நடந்த சுமார் நூறு கோடிப் பகிர்வுகளை எடுத்து, ஒவ்வொன்றும் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று வம்சவிருட்சம்போல வரைந்தார்கள். பிறகு அந்த மரத்தின் வடிவத்துக்கு ஓர் எண் கொடுக்க வேண்டியிருந்தது. எண்ணூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவர்கள் கையிலெடுத்த அளவுகோல் எண்ணெய் வேதியியலிலிருந்து வந்தது.

எண்ணூரை அடுத்த மணலியில் கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கிறார்களே, அது ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு சூட்டில் கொதிப்பதால்தான் முடிகிறது. கொதிநிலை மூலக்கூறின் எடையை மட்டும் பொறுத்ததல்ல. பென்டேனை எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்து கார்பன் அணுக்கள். ஐந்தும் ரயில் பெட்டிபோல வரிசையாக நின்றால் 36 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதே ஐந்தில் ஒன்று நடுவில் நின்று மற்ற நான்கும் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டால் சுமார் 10 டிகிரியிலேயே கொதித்துவிடும். சரக்கு ஒன்றே, வடிவம் வேறு. 1947இல் ஹாரி வீனர் என்பவர் இந்த வடிவத்தை எண்ணாக்கினார்: மூலக்கூறில் எந்த இரண்டு கார்பன் அணுக்களை எடுத்தாலும் அவற்றுக்கிடையே எத்தனை இணைப்புகளைத் தாண்டவேண்டும் என்று எண்ணிக் கூட்டுவது.

ட்விட்டர் ஆய்வாளர்கள் அதையே சராசரியாக்கி மனிதர்களுக்கு வைத்தார்கள். ஐந்து பேர் வரிசையாக ஒருவருக்கொருவர் செய்தி சொன்னால், எந்த இருவருக்கும் இடையிலான சராசரித் தூரம் 2. ஒருவர் நடுவில் நின்று நான்கு பேருக்கும் சொன்னால் 1.6. ஐந்து பேரில் வித்தியாசம் சின்னதுதான். கூட்டம் லட்சமானால் நடுவில் நிற்பவர் கதையில் சராசரி 2க்கு மேல் ஏறவே ஏறாது. கைமாறிப் போன கதையில் அது ஏறிக்கொண்டே போகும். மரத்தைப் பார்க்காமலேயே அந்த ஒற்றை எண்ணை வைத்து, காசிமேட்டு ஏலக்காரர் கத்தியதை நூறு பேர் கேட்டதா, அல்லது ஒரு கூடை மீன் வியாபாரி கைமாறித் தெருக்கோடிக்கு வந்ததா என்று சொல்லிவிடலாம்.

கிடைத்த விடை ‘வைரல்’ பிரியர்களுக்குச் சப்பென்றிருக்கும். எல்லா வடிவ மரங்களும் உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றில் அந்த எண் குறைவு. பெரிதாகப் பரவியவையும் பெரும்பாலும் யாரோ ஒரு பெரிய கணக்கு, ஒரே போடாகப் பலருக்குக் காட்டியதால் பெரிதானவை. நாம் வைரல் என்று கொண்டாடுவதில் பெரும்பகுதி கல்யாணச் சாப்பாடு.

மரம் கையில் இல்லாதபோது? அப்போதும் ஒரு தடயம் உண்டு. கைமாறியது மாறியிருக்கும். உ.வே.சாமிநாதையர் ஒரே நூலின் பல ஏட்டுச்சுவடிகளை விரித்துவைத்துப் பாடபேதம் பார்த்தது இதனால்தான். ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்தெழுதியவர்களின் பிழை ஒவ்வொன்றும் அந்தச் சுவடி வந்த வழியைக் காட்டும். நச்சுயிரியின் மரபணுவில் சேரும் எழுத்துப் பிழைகளை வைத்து அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்வதும் அதே வேலை. வடசென்னையின் கானாப் பாட்டுக்கும் இது பொருந்தும். சாவு வீட்டில் பாடியதைக் கேட்டு அடுத்த பேட்டையில் இன்னொருவர் பாடும்போது இறந்தவர் பெயர் மாறும், தெரு மாறும், ஒரு வரி கூடும். 2009இல் முகநூலில் வெட்டி ஒட்டிப் பரவிய ஒரு மருத்துவச் செலவு வாசகத்தை ஆராய்ந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட பாடபேதங்கள் கிடைத்தன. வாசகம் பத்துப் பேர் கை மாறினால் அதில் சராசரியாக ஒருவர் எதையாவது திருத்தியிருந்தார். மாறாக, ‘பகிர்’ பொத்தானை அழுத்திய வீடியோ மாறாது. பொத்தான் பிழையைக் கொன்றது, அதோடு தடயத்தையும்.

வதந்திக்கும் நோய்க்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. நோயாளி குணமாவதால் பரப்புவதை நிறுத்துகிறார். வதந்திக்காரர் சலித்துப்போய் நிறுத்துகிறார். “அட, இது நேத்தே வந்துச்சே” என்று ஒருவர் சொன்னதும் அடுத்தவருக்கு அனுப்பும் ஆர்வம் வடிந்துவிடும். 1964இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டேலியும் கெண்டாலும் இதை மட்டும் விதியாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஊரெல்லாம் ஒருவரையொருவர் சந்தித்தாலும் கடைசியில் ஐந்தில் ஒருவருக்கு அந்தச் செய்தி எட்டாமலே போகிறது என்று விடை வந்தது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று நாம் நினைப்பது தெரியாத அந்த ஒருவர், கணக்கின்படி இருக்கவேண்டியவர்தான்.

பரவும் வேகத்தில் உண்மைக்கும் பொய்க்கும் பேதம் உண்டா? எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஓடிய, உண்மை சரிபார்க்கப்பட்ட சுமார் 1,26,000 செய்திச் சங்கிலிகளைப் பார்த்து 2018இல் எழுதினார்கள்: 1,500 பேரைத் தொட, பொய்யைவிட உண்மைக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் ஆனது. பொய்யின் மரம் ஆழமாகவும் அகலமாகவும் இருந்தது. பொய்க்கென்று தனி வழியே உண்டு என்று பலர் புரிந்துகொண்டார்கள். 2021இல் யூல், உகாண்டர் என்ற இருவர் அதே தரவை எடுத்து, சம அளவுள்ள மரங்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வடிவ வேறுபாடு மறைந்துபோனது. பொய்க்குத் தனி வழி இல்லை. பெருக்க எண் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அறிவியலில் இந்த மாதிரி இரண்டாவது பார்வைதான் முதல் தலைப்புச் செய்தியைவிடச் சுவையானது; ஆனால் அது வைரலாவதில்லை.

பெருக்க எண் கொஞ்சம் அதிகம் என்பது சின்ன விஷயமா என்றால், எண்ணூருக்கு வடக்கே, அதே கடற்கரையில் இருக்கும் பழவேற்காட்டைக் கேட்கவேண்டும். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளும் படங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. பழவேற்காட்டில் தெருவில் திரிந்த ஒரு மனிதரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியும் கொல்லப்பட்டார். நாடு முழுக்க இப்படிக் கொலைகள் நடந்த பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில் இன்னொரு பூட்டு: ஐந்து கை அல்லது அதற்கு மேல் மாறி வந்து இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம். அப்படிப்பட்ட செய்திகளின் போக்குவரத்து 70 சதவீதம் குறைந்தது என்று நிறுவனம் சொன்னது.

அந்தப் பூட்டு செய்தியைப் படிப்பதில்லை. படிக்கவும் முடியாது, எல்லாம் மறைகுறியாக்கப்பட்டவை. பொய்யா மெய்யா என்று பார்க்காமல் பெருக்க எண்ணை மட்டும் ஒன்றை நோக்கி அமுக்குகிறது. பிள்ளை பிடிக்கிறவர் வதந்தி எந்த வேகத்தில் மட்டுப்படுமோ, ‘பெரியகுப்பத்துல கேஸ் லீக், வெளிய வாங்க’ என்ற உண்மையான எச்சரிக்கையும் அதே வேகத்தில் மட்டுப்படும். ஐந்தாவது கையில் அதற்கும் இரட்டை அம்பு விழும். ஓரூற்று ஆபத்துக்கு ஓரூற்று எச்சரிக்கைதான் பொருத்தம்: ஆலைச் சங்கு, மைக் கட்டிய ஆட்டோ. கைபேசிச் சங்கிலியை அதற்கு மாற்றாக நம்புவது, விருந்தில் கெட்ட சோறு என்று தெரிந்த பிறகும் பந்தியில் ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியே ஓதிக்கொண்டு போவதைப் போன்றது.

தொழிற்சாலைகளுக்கு நடுவில் வாழ்கிற எண்ணூர், மணலிப் பக்கத்தில் இரவில் அப்படி ஒரு செய்தி வந்தால், அம்புக்குறி ஒன்றா இரண்டா என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்தக் குப்பத்தில் இருக்கும் சொந்தக்காரரைக் கூப்பிட்டால் போதும். “அண்ணே, உங்க பக்கம் இன்னா, வாடை அடிக்குதா?”

அந்த மரத்தில் தூரம் 1.